விஷன் என்றால் பார்வை

எங்கள் குடும்பத்தில் இங்கிலீஷ் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்று இருபத்திரண்டு வயது வரை நம்பிக்கொண்டிருந்தேன். அப்பா சவரியப்பன் அதை ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். அவர் மலாக்கா டவுனில் ரோடு போடும் ஆட்களுக்கு மண்டோர், அதாவது மேஸ்திரி. தார் கொதித்துக்கொண்டிருக்கும்போதுகூடப் பக்கத்தில் யாராவது வந்து நின்றால் போதும், "நம்ம யூஜின் சீனியர் கேம்பிரிட்ஜ் பாஸ். இப்ப போலீஸ்ல டிரான்ஸ்லேட்டர்" என்று ஆரம்பித்துவிடுவார்.

அக்னஸ் அக்காவைப் பற்றி அவர் அப்படிப் பேசியதில்லை. அக்கா என்னைவிட நான்கு வயது மூத்தவள். ஜப்பான்காரன் வந்தபோது நாங்கள் இருவருமே பள்ளியை விட்டோம். சண்டை முடிந்ததும் நான் திரும்பிப் போனேன். அவள் போகவில்லை. நான் படிக்க வேண்டும் என்று பெரிய ஆஸ்பத்திரியின் கண் வார்டில் அட்டெண்டண்டாகச் சேர்ந்தாள். நோயாளிகளின் கட்டு மாற்றுவதும், அவர்களைக் கையைப் பிடித்து நடத்திக் கூட்டிப்போவதும், டாக்டர் கேட்பதைத் தமிழில் கேட்டுச் சொல்வதும் அவள் வேலை. அவள் பேசும் இங்கிலீஷில் நேற்று நடந்ததும் நாளை நடக்கப்போவதும் ஒன்றுபோலவே இருக்கும். நான் திருத்துவேன். சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்வாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்திரண்டு. காட்டில் ஒளிந்து சண்டை போட்ட கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம் தொடங்கி நான்காவது வருஷம். மெர்லிமாவ் பக்கம் ஏழாங்கட்டைத் தோட்டம் என்று ஒன்று உண்டு. அங்கே தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். வேலைக்குப் போகிறவர்களை கேட்டில் நிறுத்தி, காட்டில் இருப்பவர்களுக்கு அரிசி கொண்டுபோகிறார்களா என்று சோதித்துத்தான் வெளியே விடுவார்கள். அந்தத் தோட்டத்தில் ஒருநாள் விடிந்து பார்த்தால் நூற்றுக்கணக்கான ரப்பர் மரங்களின் பட்டை வெட்டிச் சிதைக்கப்பட்டிருந்தது. கம்யூனிஸ்டுகளின் வேலை. உள்ளே இருந்து யாரோ உதவியிருக்க வேண்டும் என்று போலீஸ் நினைத்தது. யார் யார் என்னென்ன பேசினார்கள் என்று விசாரித்துத் தமிழில் எழுதி வாங்கிய வாக்குமூலங்கள் கட்டாக என் மேசைக்கு வந்தன.

தோட்டத்தின் அடுத்த டிவிஷனிலிருந்து அன்று ஒருநாள் மட்டும் வேலைக்கு வந்திருந்த ஒருவர் சொன்னது அதில் ஒன்று. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில், காளிமுத்து என்ற தொழிலாளி நாலு பேர் நடுவே இப்படிச் சொன்னாராம்:

"பார்வை வரப்போகுது. வந்துட்டா நான் முன்னால நடப்பேன். அப்புறம் எவனும் என் கையப் பிடிக்கத் தேவையில்ல. நீங்கள்லாம் பின்னால வாங்க."

அந்த நாலு வரியை மொழிபெயர்க்க எனக்குப் பத்து நிமிஷம் போதும். ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டேன். 'பார்வை' என்பதற்கு 'சைட்' என்று போட்டிருக்கலாம். அது மூக்குக்கண்ணாடிக் கடையில் பேசும் சொல் மாதிரித் தோன்றியது. 'விஷன்' என்று போட்டேன். மாதா கோயில் பிரசங்கத்தில் அர்ச்சிஷ்டவர்கள், அதாவது புனிதர்கள், காண்பதாகச் சொல்வார்களே, அந்த விஷன். கையைப் பிடிக்கத் தேவையில்லை என்றதை, 'என் கையைத் தடுக்க எவனாலும் ஆகாது' என்று கம்பீரமாக மாற்றினேன். பின்னால வாங்க என்றது, 'அனைவரும் என்னைப் பின்பற்றுவீராக' என்று ஆயிற்று. வாசித்துப் பார்த்தேன். மணி அடித்தது போல இருந்தது.

மேலதிகாரியான வெள்ளைக்காரத் துரை இரண்டு தடவை படித்தார். "நல்ல இங்கிலீஷ்! நீ விஷன் உள்ள பையன், யூஜின். மேலே வருவாய்" என்று என் தோளைத் தட்டினார். மறுநாள் காளிமுத்துவைத் தடுப்புக் காவலில் வைத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். ஆபத்தான ஆளைப் பிடித்துக் கொடுத்துவிட்டோம் என்று எனக்கு ஒரே பெருமை.

அன்று சாயங்காலம் சாப்பிடும்போது, பேரைச் சொல்லாமல், அந்த வாக்கியத்தை மட்டும் தமிழிலும் இங்கிலீஷிலும் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஆபீஸ் விஷயத்தை வீட்டில் சொல்லக்கூடாது. ஆனாலும் அடக்க முடியவில்லை. அப்பாவுக்குப் புரியாவிட்டாலும் தலையாட்டி ரசித்தார். அக்கா மட்டும் ரசத்தை ஊற்றிக்கொண்டே, "இந்த ஆளு என்ன வேல தம்பி செய்றாரு?" என்று கேட்டாள்.

"புல்லு வெட்டுற ஆளு."

"புல்லு வெட்டுறவர் இப்படியா பேசுனாரு?" என்றாள்.

மூன்று வாரம் கழித்து, முத்தாயி என்ற பெண் கண் வார்டுக்கு வந்தாள். மெர்லிமாவிலிருந்து பஸ் ஏறி வந்தவள், ஆஸ்பத்திரிக் கார்டு ஒன்றை அக்காவிடம் நீட்டினாள்.

"மிஸ்ஸி, இத நீங்களே வச்சுக்கோங்க. எங்க வீட்டுக்காரரு ஆப்ரேசனுக்கு வர முடியாது. அந்த எடத்த வேற யாருக்காச்சும் குடுங்க."

அந்த வார்டில் பெண்கள் எல்லாரையுமே மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். அக்கா கார்டைப் பார்த்தாள். காளிமுத்து, வயது நாற்பத்தாறு. இரண்டு கண்ணிலும் புரை. 'விஷன்' என்று அச்சடித்த கட்டத்துக்கு நேரே, வலது கண்: கை அசைவு மட்டும் தெரியும், இடது கண்: வெளிச்சம் மட்டும் தெரியும் என்று டாக்டர் எழுதியிருந்தார். சிங்கப்பூரிலிருந்து மாதம் ஒருமுறை வரும் கண் டாக்டர் ஆப்ரேசனுக்கு நாள் குறித்திருந்தார்.

"ஏன்க்கா வர முடியாது? இந்த நாளு கெடைக்க ஒரு வருசம் காத்துக்கிட்டு இருந்தீங்களே!"

முத்தாயி அழவில்லை. நின்றபடியே சொன்னாள். போலீஸ் பிடித்துப் போய்விட்டது. எதற்கென்று கேட்டால், ஏதோ கெட்ட பேச்சுப் பேசினார் என்றார்கள். "அவரு பேசுன பேச்ச நான் பக்கத்துலயே நின்னு கேட்டேன் மிஸ்ஸி. ரெண்டு வருசமா நாந்தான் கையப் புடிச்சு அவர வேலக்காட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். அவரு கையால தடவித் தடவித்தான் புல்லு வெட்டுவாரு. ஒரு நாளும் வேல கொறஞ்சதில்ல. ஆப்ரேசன் நாளு சொன்னதும் மனுசனுக்குத் தல கால் புரியல. பெரட்டுல எல்லார்கிட்டயும், பார்வை வரப்போகுது, வந்துட்டா நான் முன்னால நடப்பேன், எவனும் என் கையப் பிடிக்கத் தேவையில்லன்னாரு. கேலி பண்ணுன பயலுவளுக்குத்தான் அப்படிச் சொன்னாரு. அது ஒரு குத்தமா?"

அக்கா கையில் கார்டு அப்படியே நின்றுவிட்டதாம். பிறகு, "இந்தக் கார்டு எங்கிட்டயே இருக்கட்டும். ஆனா எடத்த நான் யாருக்கும் குடுக்க மாட்டேன்" என்று சொல்லி முத்தாயியை உட்கார வைத்துத் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்திருக்கிறாள்.

அன்று நான் வேலை முடிந்து வந்தபோது அக்கா வாசலிலேயே காத்திருந்தாள். என் பெரிய அகராதி அவள் மடியில் இருந்தது.

"தம்பி, விஷன்னா என்ன?"

"ஏன்?"

"மேட்ரன் துரைசானி ஈஸ்டர் அன்னைக்கு நான் வெள்ளச் சேல கட்டிட்டுப் போனப்ப, அக்னஸ், யூ ஆர் எ விஷன்னாங்க. நான் என் கண்ணுல ஏதோ கோளாறுன்னு நெனச்சு நாலு நாளு பயந்துட்டு இருந்தேன். இதுல பாத்தா, கண்ணுக்கு அழகான பொம்பளைக்கும் அதான் பேராம்." விரலை வைத்துக் கீழே இறக்கினாள். "உங்க துரை உன்னைய விஷன் உள்ள பையன்னு சொன்னாரே, அது பின்னால வரப்போறத முன்னாலயே தெரிஞ்சுக்குற புத்தி. சாமி காட்சி குடுக்கறது வேறொண்ணு. எங்க வார்டு கார்டுல இருக்கிறது எல்லாத்துக்கும் முன்னால, மொத வரியிலயே இருக்கு. வெறும் கண்ணுப் பார்வை." நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "நீ எழுதினது எந்த விஷன்?"

எனக்கு எல்லாம் ஒரே நொடியில் புரிந்துவிட்டது. புரிந்ததை ஒத்துக்கொள்ளத்தான் நேரம் பிடித்தது. "அவருக்குக் கண்ணு தெரியாதுன்னு எனக்கு எப்படிக்கா தெரியும்?" என்றேன்.

"கேட்டியா?"

"கேக்குறது என் வேல இல்ல."

"அப்ப கையப் பிடிக்கிறத ஏன் தடுக்குறதுன்னு எழுதின? அது உன் வேலையா?"

வாக்கியம் அழகாக வர வேண்டும் என்பதற்காக எழுதினேன் என்று எப்படிச் சொல்வது? வேலை போய்விடும் என்றேன். என்னையே சந்தேகப்பட்டு உள்ளே வைத்தாலும் வைப்பார்கள் என்றேன். இரண்டுமே பொய் இல்லை. அந்தக் காலம் அப்படி.

அக்கா அகராதியை மூடினாள். "அடுத்த வாரம் அவரு கேச மறுவிசாரணைக் குழு பாக்குதாம். முத்தாயி அக்காகூட நான் போறேன். மேட்ரன் லெட்டர் குடுக்குறேன்னுட்டாங்க. நீ வராட்டியும் பரவால்ல. நான் பேசும்போது குறுக்க மட்டும் பேசாத, லா."

விசாரணை நாளன்று கோப்பைத் தூக்கிக்கொண்டு துரையின் பின்னால் நானும் போக வேண்டியிருந்தது. அரசாங்கக் கட்டடத்தில் ஒரு நீளமான அறை. காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது. மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் இருந்த தலைவர் வயதான வெள்ளைக்கார வக்கீல். காளிமுத்துவை ஒரு போலீஸ்காரர் தோளைப் பிடித்துக் கூட்டி வந்து நிறுத்தினார். ஒல்லியான ஆள். முதுகு வளையவில்லை. குரல் வரும் பக்கம் முகத்தைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டார்.

தலைவர் என் மொழிபெயர்ப்பை உரக்க வாசித்தார். என் மேசையில் வாசித்தபோது ஒருமுறைகூட நான் கேட்காத குரலில் அது கேட்டது. விஷன், தடுக்க ஆகாது, பின்பற்றுவீராக. ஒவ்வொரு சொல்லும் ஒரு மனிதனின் கழுத்தில் மாட்டிய கயிறு மாதிரி இருந்தது. கைதியின் தரப்பில் யாராவது பேசுகிறீர்களா என்று கேட்டார்.

அக்கா எழுந்தாள். ஆஸ்பத்திரி உடுப்பிலேயே வந்திருந்தாள். மேட்ரனின் கடிதத்தையும் கார்டையும் மேசைமேல் வைத்தாள். குழுவின் மொழிபெயர்ப்பாளர் எழுந்து அவள் பக்கம் வந்தபோது, வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு இங்கிலீஷிலேயே பேசினாள்.

அவளுடைய இங்கிலீஷை நான் அறிவேன். அன்றும் அது அப்படித்தான் இருந்தது. நேற்றும் நாளையும் குழம்பின. ஆனால் ஒரு சொல்கூடத் தயங்கவில்லை. "ஐயா, இந்தக் கார்டில் விஷன் என்று எழுதியிருக்கிறது. எங்கள் வார்டில் விஷன் என்றால் கண் பார்வை. அதைத் தவிர வேறு இல்லை. இந்த ஆள் கேட்டதும் அந்த விஷன்தான். அவருக்கு ஆப்ரேசன் நாள் கொடுத்தது எங்கள் ஆஸ்பத்திரி."

துரை குறுக்கிட்டார். "கண் தெரியாது என்று பிடித்த அன்றே சொன்னான். பிடிபடுகிறவர்கள் எல்லாரும் ஏதாவது சொல்வார்கள்."

"அப்படியென்றால் சோதித்துப் பாருங்கள் ஐயா" என்றாள் அக்கா. "வார்டில் நாங்கள் தினமும் செய்வதுதான். நீங்கள் விரலைக் காட்டுங்கள்."

தலைவர் ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு எழுந்து, மேசையைச் சுற்றி வந்து, காளிமுத்துவின் முகத்துக்கு ஒரு முழத் தூரத்தில் மூன்று விரலை நீட்டினார்.

"எத்தன வெரலு அண்ணே?" என்றாள் அக்கா தமிழில்.

"யாரோ கைய ஆட்டுற மாதிரி இருக்கு. வெரலெல்லாம் தெரியல தங்கச்சி."

தலைவர் குனிந்து அவருடைய கண்களை உற்றுப் பார்த்தார். பாலாடை படிந்த மாதிரி வெள்ளையாக இருந்த கண்பாப்பாவை யாரும் பொய் என்று சொல்ல முடியாது. நிமிர்ந்து, "இதை மொழிபெயர்த்தது யார்?" என்று கேட்டார்.

துரை என்னைத் திரும்பிப் பார்த்தார். அக்கா பார்க்கவில்லை. நேரே சுவரைப் பார்த்தபடி நின்றாள். என்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை, காப்பாற்றவும் இல்லை. அதை என் கையிலேயே விட்டுவிட்டாள்.

"நான்தான் சார்" என்று எழுந்தேன்.

"தமிழில் என்ன சொல்?"

"பார்வை, சார். அந்தக் கார்டில் இருக்கும் சொல்தான். கையைத் தடுப்பது என்று தமிழில் இல்லை. கையைப் பிடித்து நடத்துவது என்றுதான் இருக்கிறது. தவறு என்னுடையது."

தலைவர் அக்காவிடம், "அந்த வாக்கியத்தை நீ எப்படிச் சொல்வாய்?" என்றார்.

அக்கா காளிமுத்துவின் பக்கம் ஒருமுறை பார்த்தாள். பிறகு இங்கிலீஷில் சொன்னாள்: "எனக்குக் கண் தெரியப்போகிறது. தெரிந்தால் நான் முன்னால் நடப்பேன். யாரும் என் கையைப் பிடிக்க வேண்டாம். நீங்கள் பின்னால் வாருங்கள்." சின்னச் சின்னச் சொற்கள். எல்லாம் ஆறாம் வகுப்புச் சொற்கள். காளிமுத்து இங்கிலீஷ் பேசினால் அப்படித்தான் பேசுவார்.

தலைவர் அதைத் தம் கையாலேயே எழுதிக்கொண்டார். எழுதி முடித்து, என் பக்கம் திரும்பாமலே, "இந்தப் பெண்ணின் இங்கிலீஷ் உன்னுடையதைவிட நல்ல இங்கிலீஷ்" என்றார்.

அவமானமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. அந்த அறையில் இருந்த அத்தனை பேரிடமும், 'இது என் அக்கா' என்று சொல்ல வேண்டும் போல இருந்தது. வெளியே வந்ததும் அப்பாவிடம் போய் அதைத்தான் முதலில் சொன்னேன். என் வேலைக்கு என்ன ஆகும் என்பதை அதற்குப் பிறகுதான் சொன்னேன். அப்பா மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு, "மூணு பெரிய மனுசன் முன்னாலயா? நம்ம அக்னஸா? இங்கிலீஷ்லயா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

பன்னிரண்டு நாள் கழித்துக் காளிமுத்துவை விட்டார்கள். என்னை மொழிபெயர்ப்பு வேலையிலிருந்து எடுத்து, ஐ.சி. என்ற அடையாளக் கார்டு பதிவு செய்யும் இடத்தில் பெயர் எழுத வைத்தார்கள். துரை அதற்குமேல் ஒன்றும் செய்யவில்லை. அக்கா வைத்துக் காப்பாற்றிய இடத்தில் அடுத்த மாதமே காளிமுத்துவுக்கு ஆப்ரேசன் நடந்தது.

மூன்றாம் நாள் நான் வார்டுக்குப் போனேன். இரண்டு கண்ணிலும் கட்டு. தலை அசையாமல் இருக்க இரண்டு பக்கமும் மணல் பை வைத்திருந்தார்கள். கட்டிலோரம் நின்று நான் யார் என்று சொன்னேன்.

"ஓ, எழுதுன கிராணியா?" என்றார் படுத்தபடியே. தோட்டத்து ஆட்கள் குமாஸ்தாவைக் கிராணி என்பார்கள். "ஒக்காருங்க தம்பி."

மன்னிப்புக் கேட்கத் தயார் செய்துகொண்டு வந்த பேச்சை விட்டேன். "உங்கள ஒண்ணர மாசம் உள்ள வச்சது என் பேனாதான் அண்ணே" என்று மட்டும் சொன்னேன்.

"தெரியும். மிஸ்ஸி சொல்லுச்சு. அங்க எந்திரிச்சு நின்னு ஒத்துக்கிட்டீங்கன்னும் சொல்லுச்சு." விரலால் கட்டில் விளிம்பைத் தட்டினார். "பேனா கொண்டாந்திருக்கீங்களா?"

"இருக்கு."

"அப்ப ஒண்ணு எழுதுங்க. என்னையப் புடிச்சுட்டுப் போனதும் என் சம்சாரத்த லயத்து வீட்ட விட்டுக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. அவ இன்னொருத்தர் வீட்டு வாசல்ல, அஞ்சடித் திண்ணையில பாய் போட்டுப் படுத்திருக்கா. வீடு திரும்ப வேணும்னு மேனேஜர் துரைக்கு இங்கிலீஷ்ல எழுதுங்க. நான் சொல்றத மட்டும் எழுதணும்."

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். பதினெட்டு வருஷமாக அந்தத் தோட்டத்தில் வேலை செய்கிறேன். நான் ஒரு தப்பும் செய்யவில்லை என்று அரசாங்கமே சொல்லிவிட்டது. அந்த வீடு என் வீடு. ஒவ்வொரு வரி முடிந்ததும் இங்கிலீஷில் வாசிக்கச் சொல்வார். பிறகு அதையே தமிழில் திருப்பிச் சொல்லச் சொல்வார். சொற்களைத் தேடி எங்கும் போகவில்லை நான். கைக்கு வந்த சொல்லையே போட்டேன்.

"கடைசி வரியில என்ன எழுதினீங்க? வீடு வேணும்னா, தயவு செஞ்சு குடுங்கன்னா?"

"நீங்க சொன்ன மாதிரி, வேணும்னுதான்."

"சரி. அது போதும். எங்க கைநாட்டு வைக்கணும்னு வெரலப் புடிச்சுக் காட்டுங்க."

காட்டினேன். மையைத் தொட்டு, அழுத்தி, நிதானமாக வைத்தார். கோணாமல் விழுந்தது.

வலது கண்ணில் பார்வை வந்தது. பூதக்கண்ணாடி மாதிரிக் கனமான கண்ணாடி போட்டால் ஊசியில் நூல் கோர்ப்பார். இடது கண் வரவில்லை. அக்காவை மேட்ரன் வெளிநோயாளிகளிடம் கேட்டு எழுதும் வேலைக்கு மாற்றினார். டாக்டரின் பக்கத்தில் அவளுக்கென்று ஒரு நாற்காலி போட்டார்கள். காளிமுத்து தோட்டத்துக்குத் திரும்பும் முன்பே, கடிதம் போன ஒன்பதாம் நாள், முத்தாயி பஸ்ஸில் வந்து இறங்கினாள். யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் புருஷனின் கட்டிலுக்குப் போய், லயத்து வீட்டுப் பூட்டுச் சாவியை அவர் உள்ளங்கையில் வைத்தாள்.